துளைக்குள் போன தண்ணீருக்கு உறைநிலை நிஜமாகவே மாறுகிறதா?

ஜனவரி 6, இரவு 9.40 (ஒரு வாசகரின் கேள்வி)

நானோ அளவுத் துளைகளில் அடைபட்ட தண்ணீர் மைனஸ் 20 டிகிரியிலும் உறையாது, "அங்கே உறைநிலையே மாறிவிடுகிறது" என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு இது கதையாகத்தான் படுகிறது. சுத்தமான தண்ணீரை அசைக்காமல் குளிரவைத்தால் சாதாரணக் குப்பியிலேயே மைனஸ் 10, 15 வரை உறையாமல் நிற்கும். அதற்குப் பெயர் மீக்குளிர்வு. துளைக்குள்ளும் அதேதான் நடக்கிறது, புதுப் பெயர் வைத்துப் பெரிதாக்குகிறார்கள். 0 டிகிரி என்பது தண்ணீரின் குணம். எந்தப் பாத்திரத்தில் இருக்கிறோம் என்று பார்த்தா அது மாறும்? நான் சொல்வது தவறு என்றால் யாராவது நிரூபியுங்கள்.

ஜனவரி 6, இரவு 10.55

சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. குளிரவைக்கும்போது மட்டும் பார்த்தால் மீக்குளிர்வையும் உறைநிலை மாற்றத்தையும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: உறைய வேண்டிய இடத்தில் உறையவில்லை.

அதனால் திருப்பிப் பாருங்கள். உறைந்த பிறகு சூடாக்குங்கள். உங்கள் குப்பித் தண்ணீர் மைனஸ் 15-இல் உறைந்திருந்தாலும், உருகுவது 0-இல்தான். மீக்குளிர்வு என்பது உறையத் தொடங்க ஒரு கரு, அதாவது முதல் பனித் துணுக்கு, கிடைக்காத தாமதம், அவ்வளவே. உருகுவதற்கு அப்படி எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. பனிக்கட்டியின் மேற்பரப்பே உருகத் தொடங்கும் இடம்.

துளைக்குள் உறைந்த தண்ணீரோ மைனஸ் 5-இல், மைனஸ் 15-இல், துளையின் அளவைப் பொறுத்து, உருகிவிடுகிறது. இது தாமதம் இல்லை. நேரத்துக்கு முன்பே உருகுகிறது. மீக்குளிர்வால் இதை விளக்க முடியாது.

ஜனவரி 6, இரவு 11.30

ஏன் என்று சொல்லாமல் படுத்தால் தூக்கம் வராது.

பனிக்கட்டியாக மாறுவதில் தண்ணீருக்கு ஒரு லாபம், ஒரு செலவு. லாபம் மொத்தப் பருமனுக்கும் கிடைக்கிறது. செலவு, பனிக்கும் திரவத்துக்கும் நடுவே ஒரு எல்லை போட வேண்டியது. சதுர மீட்டருக்குச் சுமார் 0.03 ஜூல். பெரிய கட்டியில் இந்த எல்லைச் செலவு கணக்கிலேயே வராது. துளைக்குள் பனி சின்னது, பருமன் கொஞ்சம், பரப்பு நிறைய. 0 டிகிரியில் லாபம் சரியாகப் பூஜ்யம், ஆகவே செலவைக் கட்ட முடியாது. இன்னும் குளிர்ந்தால்தான் லாபம் ஏறிச் செலவை ஈடுகட்டும். அந்த "இன்னும்" எவ்வளவு என்பதுதான் கிப்ஸ்–தாம்சன் கணக்கு.

எண்களைப் போட்டுப் பார்த்தேன். பரப்பு ஆற்றல் 0.03-ஐ இரட்டிப்பாக்கி, 273 கெல்வினால் பெருக்கி, பனியின் அடர்த்தி 917-ஆலும் உள்ளுறை வெப்பம் (பனியை உருக்கத் தேவையான வெப்பம்) கிலோகிராமுக்கு 3,34,000 ஜூலாலும் வகுத்தால் கிட்டத்தட்ட 53 வருகிறது, நானோமீட்டர் கணக்கில். அதாவது 53-ஐத் துளை அளவால் வகுத்தால் எத்தனை டிகிரி இறங்கும் என்று தெரிந்துவிடும். ஒரு மைக்ரோமீட்டர் துளையில் 0.05 டிகிரி, யாரும் கவனிக்க மாட்டார்கள். 100 நானோமீட்டரில் அரை டிகிரி. 10-இல் 5. 3-இல் 18.

ஆக, "பாத்திரத்தைப் பார்த்தா மாறும்" என்று கேட்டீர்களே, பாத்திரம் போதுமான அளவு சின்னதாக இருந்தால், ஆமாம்.

ஜனவரி 7, காலை 7.10

ராத்திரி "துளை அளவு" என்று மொட்டையாக எழுதியிருக்கிறேன். அது ஆரம், விட்டம் இல்லை. விட்டம் 10 என்றால் இறக்கம் 5 இல்லை, 10-க்கு மேல். விற்பவர்கள் பெட்டியில் போடுவது விட்டம். சூத்திரத்தில் வருவது ஆரம். இந்தக் குழப்பத்தில் விழாதவர் யாரும் இந்தத் துறையில் இருக்க முடியாது. நான் விழுந்த கதையைத் தனியாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. சுவரை ஒட்டி ஒரு மெல்லிய அடுக்கு, 0.4 நானோமீட்டர் அளவில், உறைவதே இல்லை. சிலிக்கா (மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் பொருள்) சுவர் அந்த மூலக்கூறுகளைப் பிடித்துத் தாறுமாறாக நிறுத்திவைத்திருக்கிறது. பனியின் ஒழுங்குக்கு அவை வருவதில்லை. ஆகவே ஆரத்திலிருந்து 0.4-ஐக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். ஆரம் 10 என்றால் வித்தியாசம் பெரிதில்லை. ஆரம் 3 என்றால் 18 இல்லை, 20. ஆரம் 1.5 என்றால் 35 எங்கே, 48 எங்கே!

ஜனவரி 7, மதியம் 1.15

"எந்தத் தாம்சன்?" என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஏனென்றால் வரிசையில் மூன்று பேர் நிற்கிறார்கள். அழுத்தம் கூடினால் பனியின் உருகுநிலை இறங்கும் என்று 1849-இல் சொன்னவர் ஜேம்ஸ் தாம்சன். வளைந்த பரப்பின் மேல் ஆவியழுத்தம் மாறுவதை 1871-இல் எழுதியவர் அவருடைய தம்பி வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு. உருகுநிலையையும் பரப்பு ஆற்றலையும் சேர்த்துப் பேசியவர் ஜே. ஜே. தாம்சன், 1888-இல். எலக்ட்ரானைக் கண்டுபிடித்த அதே ஆள், முன்னவர்களுக்கு உறவில்லை. அமெரிக்க விஞ்ஞானி கிப்ஸ் இதையெல்லாம் 1870-களிலேயே பொதுவாக எழுதிவிட்டார். அவர் ஒருவர்தான் என்பதால் அவருக்குக் குழப்பமில்லை.

ஜனவரி 8, இரவு 10.20

சொன்ன கதை இதோ. நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிக்கும் காலத்தில் எனக்குக் கொடுத்த வேலை, ஒரு துளைக் கண்ணாடித் தூளில் தண்ணீரை நிரப்பிக் கலோரிமீட்டரில் (வெப்பம் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளக்கும் இயந்திரம்) குளிரவைத்துச் சூடாக்குவது. சின்ன அலுமினியக் கிண்ணம், நகக்கண் அளவு. தூளைப் போட்டு, மைக்ரோபிப்பெட்டால் தண்ணீர் விட்டு, மூடியை அழுத்தி ஒட்டி, இயந்திரத்துக்குள் வைத்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். உறையும்போது வெப்பம் வெளிவரும், திரையில் ஒரு மேடு. உருகும்போது வெப்பம் உள்ளே போகும், ஒரு பள்ளம். மேடும் பள்ளமும் எந்த வெப்பநிலையில் என்று குறித்துக்கொண்டால் துளையின் ஆரம் கிடைத்துவிடும்.

குளிரவைத்தேன். மைனஸ் 17-இல் ஊசி மாதிரி ஒரே மேடு. 53-ஐ 17-ஆல் வகுத்தேன், ஆரம் 3 நானோமீட்டர். பெட்டியிலோ 20 என்று எழுதியிருந்தது, அதாவது விட்டம் 20, ஆரம் 10. விற்றவர் தவறான சரக்கை அனுப்பிவிட்டார் என்று முடிவுகட்டினேன். காரசாரமாக ஒரு கடிதமும் எழுதி அனுப்பினேன். சூடாக்கும்போது வந்த பள்ளங்களை நான் பார்க்கவே இல்லை. எனக்குத்தான் விடை கிடைத்துவிட்டதே!

ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர், அதிகம் பேசாதவர், வரைபடத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "வெளியே இருக்கிற தண்ணீர் எங்கே உறைஞ்சுது?"

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. தூளை நனைக்க விட்ட தண்ணீரில் துளைக்குள் போனது பாதி, மணிகளுக்கு இடையே தேங்கி நின்றது பாதி. அந்த வெளித் தண்ணீர் சாதாரணத் தண்ணீர், 0-இல் உறைய வேண்டியது. ஆனால் சில மைக்ரோலிட்டர்தான், கரு கிடைக்கவில்லை, மீக்குளிர்ந்து மைனஸ் 17 வரை போயிருக்கிறது. துளைத் தண்ணீர் அதற்கு முன்பே உறையத் தயார், ஆனால் பனி உள்ளே நுழைய வாசலில் பனி வேண்டுமே. வெளியே உறைந்த கணத்தில் உள்ளேயும் சேர்ந்து உறைந்துவிட்டது. இரண்டும் ஒரே ஊசி. நான் அளந்தது துளையை இல்லை, வெளித் தண்ணீரின் அதிர்ஷ்டத்தை.

அதாவது கேள்வி கேட்டவரே, நீங்கள் சந்தேகப்பட்ட அதே தவறை நான் செய்தேன். மீக்குளிர்வுக்கு உறைநிலை மாற்றம் என்று பெயர் வைத்தேன்.

சரிசெய்யும் முறையை அவரே காட்டினார். எல்லாவற்றையும் ஒருமுறை நன்றாக உறையவைத்து, மெதுவாகச் சூடாக்கி, மைனஸ் அரை டிகிரியில் நிறுத்த வேண்டும். துளைப் பனி முழுக்க உருகிவிடும். வெளிப் பனி அப்படியே இருக்கும். இப்போது மறுபடி குளிரவைத்தால் ஒவ்வொரு துளையின் வாசலிலும் பனி தயாராக நிற்கிறது. கரு இல்லை என்ற சாக்கு இனி கிடையாது. இதற்கு மேலும் உள்ளே உறையவில்லை என்றால், அது உறைய விரும்பவில்லை என்றுதான் அர்த்தம்.

அப்படிச் செய்தபோது மேடு மைனஸ் 8-இல் வந்தது. உருகும் பள்ளம் மைனஸ் 5-க்குச் சற்றுக் கீழே. பெட்டியில் எழுதியது சரி. மன்னிப்புக் கடிதம் முதல் கடிதத்தைவிட நீளம்.

ஜனவரி 8, இரவு 10.40

விட்டம்–ஆரம் குழப்பத்தில் விழுந்த கதை என்று சொல்லி வேறு கதையைச் சொல்லிவிட்டேன். அது இன்னும் கேவலம், இருக்கட்டும்.

ஜனவரி 9, மாலை 6.05

கேள்வி கேட்டவர் விடவில்லை: "வாசலில் பனி இருந்தும் உறைவது மைனஸ் 8, உருகுவது மைனஸ் 5 என்கிறீர்கள். உண்மையான உறைநிலை ஒன்றுதானே இருக்க வேண்டும்? அந்த 3 டிகிரி எங்கே போனது?"

சரியான இடத்தில் பிடித்தார். உறைவதும் உருகுவதும் ஒரே வழியில் போய்வருவதில்லை என்பதுதான் விடை. நேரான குழாய்த் துளையைக் கற்பனை செய்யுங்கள். உறையும்போது பனி ஒரு முனையிலிருந்து விரல் நுழைவதுபோல் நுழைகிறது. அதன் நுனி அரைக்கோளம், இரண்டு திசையிலும் வளைவு. உருகும்போது முனையிலிருந்து உருகி வருவதில்லை. சுவரை ஒட்டிய உறையாத அடுக்கிலிருந்து உள்நோக்கி, பென்சில் இளைப்பதுபோல் உருகுகிறது. அங்கே பனியின் பக்கம் உருளை, வளைவு ஒரே திசையில்தான். வளைவு பாதி என்றால் இறக்கமும் பாதி. ஏட்டுக்கணக்குப்படி உறைதலின் இறக்கம் உருகுதலின் இறக்கத்தைப்போல் இரண்டு மடங்கு வர வேண்டும்.

என் கண்ணாடியில் 8-க்கு 5, இரண்டு மடங்கு இல்லை. அது நேரான குழாய் இல்லை, மைக்கூடு. பெரிய வயிறு, குறுகிய கழுத்து. உறைய வேண்டுமென்றால் பனி கழுத்தைத் தாண்ட வேண்டும். கழுத்தின் ஆரம் 6, 7 நானோமீட்டர் இருந்தால் மைனஸ் 8 வரை வெளியே காத்துக்கிடக்கும். உருகுவதை வயிறு தீர்மானிக்கிறது: ஆரம் 10, மைனஸ் 5. இரண்டு எண்களும் உண்மைதான். ஒன்று கழுத்தைப் பற்றிச் சொல்கிறது, மற்றது வயிற்றைப் பற்றி.

இரண்டில் எது "சமநிலை" என்று துறைக்குள்ளேயே இன்னும் வாதாடுகிறார்கள். உருளைத் துளைக்கு ஒரு நியாயம், மைக்கூட்டுக்கு ஒரு நியாயம். எனக்கு ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் உருகுவதை எடுப்பேன். முதல் நாள் வாங்கிய குட்டு இன்னும் வலிக்கிறது.

ஜனவரி 11, காலை 8.30

இதுவரை எழுதியதைப் படித்தால் துளைக்குள் போன எதுவும் உறைநிலை இறங்கும் என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படியே சொல்லி வந்திருக்கிறேன். அது தவறு.

செலவுக் கணக்கில் நான் ஒன்றை மறைத்தேன், இல்லை, மறந்தேன். சுவருக்கு யாரைப் பிடிக்கும் என்பது. சிலிக்காவுக்குப் பனியைவிடத் திரவத் தண்ணீரைப் பிடிக்கும், அதனால் இறங்குகிறது. சுவருக்குத் திண்மத்தைப் பிடித்தால் கணக்கின் குறியே மாறும், உறைநிலை ஏறும்.

உதாரணம், கார்பன் டெட்ராகுளோரைடு. வெளியே மைனஸ் 23-இல் உறைவது. ஆக்டிவேட்டட் கார்பன் இழையின் குறுகிய பிளவுத் துளைகளுக்குள் அது அறை வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே திண்மமாகிறது. கரிச் சுவர் இரண்டு பக்கமும் தட்டையாக நின்று மூலக்கூறுகளை அடுக்கிவைக்கிறது. அடுக்கி முடித்த பிறகு உறைவதற்கு என்ன மிச்சம்?

உலோகத்திலும் உண்டு. ஈயம் உருகுவது 327 டிகிரியில். அலுமினியத்துக்குள் பதிந்த நானோ ஈயத் துகள், சுற்றியுள்ள அலுமினியப் படிகத்தோடு அணு வரிசை பொருந்தி உட்கார்ந்திருந்தால், 327-ஐத் தாண்டியும் உருகாமல் நிற்கும். அதே ஈயத்தை வெறும் மெல்லிய படலமாக வைத்தால் உருகுநிலை இறங்கும். டகாகி என்ற ஆய்வாளர் 1954-இல் எலக்ட்ரான் சிதறலில் பார்த்தது அதைத்தான். தங்கத் துகளும் அப்படியே. 1064-இல் உருக வேண்டியது, இரண்டு மூன்று நானோமீட்டர் ஆகும்போது பல நூறு டிகிரி இறங்கிவிடுகிறது. பொருள் ஒன்றுதான், அக்கம்பக்கம் வேறு.

ஜனவரி 11, காலை 8.50

கார்பன் நானோகுழாயை விட்டுவிட்டேன். விட்டம் 1.05 நானோமீட்டர் குழாய்க்குள் தண்ணீர் 105-க்கும் 151-க்கும் இடையே எங்கோ உருகுகிறது என்று 2016 இறுதியில் ஒரு குழு அறிவித்தது. மைனஸ் இல்லை, பிளஸ். தண்ணீர் கொதிக்க வேண்டிய இடத்தில் அங்கே உறைந்து நிற்கிறது. 1.06 நானோமீட்டர் குழாயில் 87-க்கும் 117-க்கும் இடையே. விட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு மாறியதற்கு இத்தனை வித்தியாசம்! 53-ஐ வகுக்கும் என் கணக்கு இங்கே செல்லாது. அந்த அகலத்தில் மூன்று நான்கு மூலக்கூறு நிற்கலாம். பரப்பு, பருமன் என்ற சொற்களுக்கே அங்கே இடமில்லை. அங்கே உறைந்திருப்பதைப் பனி என்று அழைப்பதும் மரியாதைக்குத்தான்.

ஜனவரி 12, இரவு 9.00

சின்னக் குறிப்பு. துளை அளக்க விரும்புகிறவர்கள் தண்ணீரைவிடச் சைக்ளோஹெக்சேனை விரும்புவார்கள். 6.5 டிகிரியில் உருகும் திரவம். அதன் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 32 ஜூல்தான், தண்ணீரின் பத்தில் ஒரு பங்கு. லாபம் குறைவு, ஆகவே எல்லைச் செலவை ஈடுகட்ட இன்னும் அதிகம் குளிர வேண்டும். அதே துளையில் தண்ணீரைவிட மூன்று மடங்குக்கு மேல் இறங்கும். பெரிய துளைகளையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும். வெப்பத்தை அளக்காமல் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) குறிப்பலையால் "எவ்வளவு திரவம் மிச்சம்" என்று எண்ணும் முறை 1993-இல் வந்தது. இயந்திரம் பெரியது, ஆனால் எத்தனை மெதுவாகச் சூடாக்கினாலும் கோபித்துக்கொள்ளாது. கலோரிமீட்டரில் மெதுவாகப் போனால் மேடே கரைந்து காணாமல் போகும்.

ஜனவரி 14, இரவு 11.10

பாறை வெடிப்பதற்கும் சாலை மேடுதட்டுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். உண்டு, ஆனால் பள்ளியில் சொன்ன காரணம் அரைக் காரணம். "தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருகும், அதனால் பிளக்கிறது." முழுக்கத் தண்ணீர் நிரம்பி, போக வழியில்லாத விரிசலுக்கு இது சரி. நிலம் மேலெழும்புவதற்கு இது போதாது.

ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1930 வாக்கில் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மண்ணில் தண்ணீருக்குப் பதில் பென்சீனை ஊற்றி உறையவைத்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும். ஆனாலும் மண் மேலெழும்பியது! பெருக்கம் காரணமென்றால் மண் கீழே போயிருக்க வேண்டும். வாதத்தை ஒரே அடியில் முடித்த சோதனை. அப்படியும் 9 சதவீதக் கதை இன்னும் பாடப்புத்தகங்களில் உயிரோடு இருக்கிறது.

நடப்பது இதுதான். நுண்துளைகளில் தண்ணீர் 0-க்குக் கீழும் திரவமாக இருக்கிறது. பக்கத்தில் பெரிய இடத்தில் பனி உருவாகிவிட்டது. அந்தப் பனி துளைத் தண்ணீரை உறிஞ்சுகிறது. தண்ணீர் சுவரோர அடுக்குகள் வழியே நடந்து வந்து பனியோடு சேர்கிறது, பனி தடித்து மண்ணைத் தூக்குகிறது. கீழே ஈரம் இருக்கும்வரை நிற்காது. ஒரே இடத்தில் இருந்த தண்ணீர் பெருகவில்லை, வேறு இடத்துத் தண்ணீர் வந்து குவிகிறது.

ஜனவரி 15, காலை 6.45

"உறிஞ்சுகிறது" என்று சும்மா எழுதிவிட்டேன், எவ்வளவு என்று சொல்லவில்லை. 0-க்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் பனிக்கும் திரவத்துக்கும் இடையே 1.1 மெகாபாஸ்கல், அதாவது சுமார் 11 வளிமண்டல அழுத்த வேறுபாடு தாங்கும். மைனஸ் 3-இல் 33. சாலை எம்மாத்திரம்.

ஜனவரி 15, மாலை 5.30

அதற்குள் மறுப்பு வந்துவிட்டது: "பனியின் உருகுநிலையை ஒரு டிகிரி இறக்க 130 வளிமண்டலத்துக்கு மேல் வேண்டும் என்று படித்திருக்கிறேன். 11 எப்படி?"

இரண்டும் சரி. ஜேம்ஸ் தாம்சன் சொன்னது பனியையும் தண்ணீரையும் ஒரே அழுத்தத்தில் சேர்த்து அமுக்குவது. அங்கே இருவருக்கும் ஒரே தண்டனை, பருமன் வித்தியாசம் மட்டுமே கணக்கில் வருகிறது. அதனால் ஒரு டிகிரிக்கு 133 வேண்டும். நான் சொன்னது பனியை மட்டும் அமுக்கித் தண்ணீரைச் சும்மா விடுவது. பனிக்கு மட்டும் தண்டனை, பன்னிரண்டு மடங்கு வலிக்கிறது. துளைக்குள் வளைந்த எல்லை செய்வது இதைத்தான்.

ஜனவரி 18, இரவு 10.00

மூன்று நாளாக மனதில் ஓடுவது. மிகச் சிறிய துளைகளைப் பற்றி நான் எழுதியதில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை.

எம்சிஎம்-41 என்று ஒரு சிலிக்கா, 1992-இல் அறிவிக்கப்பட்டது. தேன்கூடு மாதிரி நேரான, ஒரே அளவுத் துளைகள். மைக்கூட்டுச் சிக்கல் இல்லை, இந்தத் துறைக்கு அது வரம். துளையைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் உறையும் மேடு கீழே இறங்கிக்கொண்டே, பரந்து, தேய்கிறது. விட்டம் 2 நானோமீட்டர் அளவுக்கு வந்தால் கூர்மையான உறைதல் என்று ஒன்றையும் காட்டவே முடிவதில்லை. மேடு மைனஸ் எத்தனையில் என்று கேட்பதே அர்த்தமில்லாமல் போகிறது. தண்ணீர் மூலக்கூறு 0.28 நானோமீட்டர், குறுக்கே ஏழு பேர். இரண்டு பக்கமும் சுவரோரம் நிற்பவர்கள் உறைய மாட்டார்கள். நடுவில் நிற்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து உறைந்தார்கள் என்றால் அதற்குச் சாட்சி யார்?

இதையே வாய்ப்பாகப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. சாதாரணத் தண்ணீரை மைனஸ் 40-ஐ நெருங்கினால் தடுக்க முடியாது, தானாகவே கரு உருவாகி உறைந்துவிடும். அதற்குக் கீழே, மைனஸ் 120 வரை, திரவத் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பார்க்க முடியாத பகுதியை "ஆளில்லா நிலம்" என்பார்கள். துளைக்குள் அடைத்தால் உறையாது, ஆகவே அந்த நிலத்தில் காலடி வைக்கலாம் என்று நிறைய அளந்தார்கள். ஆனால் அங்கே அளப்பது தண்ணீரையா, சுவரோடு உறவாடும் தண்ணீரையா? என் சாய்வு இரண்டாவது பக்கம். குளத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கரைச் சேற்றைப் பிழிந்து பார்ப்பதுபோல் இருக்கிறது. ஆனால் வேறு வழியில் அங்கே போவது கடினம் என்பதும் உண்மை.

ஜனவரி 20, காலை 7.00

மேகத்தைப் பற்றி இரண்டு வரி. புகைக்கரி, களிமண் துகள்களில் நுண்துளைகள் உண்டு. காற்று தண்ணீருக்கு இன்னும் செறிவடையாத நிலையிலேயே துளைக்குள் ஆவி படிந்து தண்ணீராகிறது, இது தம்பித் தாம்சன் கணக்கு. மைனஸ் 38-க்குக் கீழே அந்தத் தண்ணீர் உறைந்து, துளை வாயிலிருந்து பனி வெளியே வளர்கிறது. துளை மிகச் சிறிதானால் உறையாது, மிகப் பெரிதானால் நிரம்பாது. நடுவாந்தரத் துளைக்குத்தான் அதிர்ஷ்டம்.

ஜனவரி 24, இரவு 8.15

கேள்வி கேட்டவர்: "பேச்செல்லாம் சரி. கலோரிமீட்டர் இல்லாத ஆள் இதை எப்படிப் பார்ப்பது?"

யோசித்தேன். ஈரம் உறிஞ்ச வைக்கும் சிலிக்கா ஜெல் மணிகள். துளை விட்டம் 2, 3 நானோமீட்டர்தான். மைனஸ் 18 ஃப்ரீசரில் அதற்குள் தண்ணீர் உறையக் கூடாது. கண்ணால் பார்த்தால் தெரியாது, மணி எப்படியும் கல்மாதிரிதான் இருக்கும். வெப்பத்தை எண்ணலாம்.

100 கிராம் உலர்ந்த மணியை நனைத்து, 35 கிராம் தண்ணீர் ஏற்றி, மேலே துடைத்து, மூடிய டப்பாவில் ஒரு நாள் ஃப்ரீசரில் வையுங்கள். பிளாஸ்கில் 30 டிகிரியில் 300 கிராம் தண்ணீர். மணிகளை அதில் கொட்டி, கலக்கி, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உள்ளே உறையவில்லை என்றால் 22.6 டிகிரி. முழுக்க உறைந்திருந்தால், உருகவே 11,700 ஜூல் இழுக்கும், 15.6-க்கு வந்துவிடும். 7 டிகிரி வித்தியாசத்தை எந்த வெப்பமானியும் காட்டும். நீல நிற மணி வேண்டாம், அதில் கோபால்ட் உப்பு இருக்கும். வெள்ளையை எடுங்கள்.

ஜனவரி 27, இரவு 9.30

அவர் எழுதியிருக்கிறார்: மணிகளைத் தண்ணீரில் போட்டதும் பட் பட்டென்று வெடித்துத் தூளாகிவிட்டன, துடைக்கவே முடியவில்லை, ஆனாலும் செய்தேன், 20.8.

வெடிக்கும் என்று சொல்ல மறந்தது என் தவறு. உலர்ந்த மணிக்குள் தண்ணீர் சட்டென்று பாய்ந்தால் மணி தாங்காது. துடைக்க முடியாத தூள் என்பதால் வெளியே தேங்கிய தண்ணீர் உறைந்திருக்கும். 20.8 என்றால், கணக்குப் பார்த்தேன், சுமார் 9 கிராம் பனி இருந்திருக்கிறது.

நனைக்காதீர்கள். மூடிய பெட்டியில் கீழே தண்ணீர், மேலே தட்டில் மணி, தொடாமல் ஒரு வாரம். ஆவியே உள்ளே போய்த் துளையை நிரப்பும். வெளியே உலர்ந்திருக்கும்.

பிப்ரவரி 5, இரவு 9.10

ஆவி முறையில் அவருக்கு வந்தது 22.4. ஒரு கிராம் பனிகூட இல்லை என்று வைத்துக்கொள்ளலாம், வெப்பமானியின் பிழைக்குள் வருகிறது. நான் துள்ளிக் குதித்தேன்.

உடனே அவர்: "உறையவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் முதல் நாள் கேட்டது அதுவா? இது மீக்குளிர்வு இல்லை என்று இந்தச் சோதனை எங்கே சொல்கிறது?"

பிப்ரவரி 5, இரவு 11.50

சொல்லவில்லை. சுத்தமான, வெளியே பனியே இல்லாத மணி. கரு எங்கிருந்தும் வர வழியில்லை. மீக்குளிர்வு என்று தாராளமாக வாதாடலாம். என் ஆய்வக ஊசி மேட்டையே உங்கள் பிளாஸ்கில் மறுபடி செய்திருக்கிறேன். இரண்டு மணி நேரமாக இதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 6, காலை 5.40

27-ஆம் தேதிச் சோதனையை எடுங்கள், அந்த வெடித்த தூளை. வெளியே 9 கிராம் பனி. ஒவ்வொரு துகளையும் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு துளையின் வாசலிலும் பனி, ஒரு நாள் முழுக்க, மைனஸ் 18-இல். கரு கிடைக்கவில்லை என்ற சாக்கு அதற்கு இல்லை. அப்படியும் மிச்சம் 26 கிராம் உறையவில்லை.

கெட்டுப்போனது என்று நான் தள்ளிவிட்ட சோதனைதான் உங்கள் கேள்விக்கு விடை. அந்தத் தூளைக் கொட்டிவிடவில்லையே?